பசித்த வேர்

மன்னார்த் தீவின் மணலில் உலோகம் இருக்கிறது. அதைக் காண ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அலை மணலை அரித்துக்கொண்டு இறங்கிய பிறகு பேசாலைக் கரையில் நடந்தால், வெளிறிய மணலின்மேல் கறுப்புக் கீற்றுகள் படிந்திருப்பது தெரியும். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அந்தக் கீற்றின்மேல் இழுத்தால், கறுப்பு மணிகள் சில பையின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். கறுப்பில் பெரும்பங்கு இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு பிணைந்த கனியம் அது. புல்மோட்டையில் பல பத்தாண்டுகளாக அள்ளப்படுவதும் இதுதான். மன்னாரில் இன்னும் அள்ளப்படவில்லை. அவுஸ்திரேலிய நிறுவனமொன்று தீவெங்கும் துளையிட்டு அளவெடுத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மன்னார் நகரில் மக்கள் காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக நாட்கணக்காகப் போராடினார்கள்.

இத்தனை உலோகம் கிடக்கிற மணலில் கீரை விதைத்தால் அது இலையில் ஏறாதா என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானது. இல்மனைற்றைப் பொறுத்தவரை விடை எளிது: ஏறாது. வேருக்குக் கல்லைத் தின்னத் தெரியாது. மண்ணின் ஈரத்தில் கரைந்து அயனாக மிதப்பதை மட்டுமே அது உறிஞ்சும். இந்தக் கறுப்பு மணிகளோ மலைப்பாறையிலிருந்து உடைந்து, ஆறு உருட்ட, மழை கழுவ, அலை அரைக்க, பல இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்தவை. கரையக்கூடியதெல்லாம் வழியிலேயே கரைந்து போயிற்று. கரையாதது மட்டுமே கரை சேர்ந்திருக்கிறது. மணல் அகழ்வை எதிர்க்க நிலத்தடி நீரும் தாழ்ந்த தீவின் தரைமட்டமும் போதுமான காரணங்கள் என்பது என் எண்ணம். கீரையில் இல்லாத நஞ்சை அந்த வாதத்துக்குத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு பாடம் கிடைக்கிறது. மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்ற எண்ணைக் கொண்டு இலையில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. ஒரு கிலோ மன்னார் மணலில் பல கிராம் தைத்தேனியம் இருந்தும் கீரைக்கு அதனால் ஒன்றுமில்லை. அதே ஒரு கிலோவில் ஒரேயொரு மில்லிகிராம் கட்மியம் இருந்தால் கதை வேறு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, காந்தத்தில் ஒட்டாது. ஆனால் கரையும்.

கட்மியம் செடிக்கு எந்த விதத்திலும் உதவாத உலோகம். பிறகு ஏன் வேர் அதை உள்ளே எடுக்கிறது? வேர் அதைத் தேடுவதே இல்லை. அது தேடுவது இரும்பை, நாகத்தை, மங்கனீசை. இவை இல்லாமல் நொதியங்கள் இயங்கா, பச்சையம் உருவாகாது. இவற்றை மண்ணீரிலிருந்து உள்ளே கொண்டுவர வேரின் மேற்றோற் கலங்களில் புரதத்தாலான வாசல்கள் உண்டு. 1996 இல் அரபிடோப்சிசு என்ற சிறு கடுகுக் குடும்பச் செடியில் அப்படியொரு வாசல் இனங்காணப்பட்டது. இரும்பை உள்ளே விடுவதே அதன் வேலை. ஆனால் உருவத்திலும் மின்னேற்றத்திலும் இரும்பை ஒத்த இரு நேரேற்ற அயன்கள் வந்தால் அவற்றையும் விட்டுவிடுகிறது: நாகம், மங்கனீசு, கோபாற்று, கட்மியம். இரும்புக்குப் பசி எடுத்த செடி என்ன செய்யும்? வாசல்களை இன்னும் நிறையக் கட்டும். மண்ணில் கட்மியம் இருந்தால், பசித்த வேர்தான் அதிகமாக வாங்கும்.

நெல்லிலும் இப்படித்தான், வாசல் மட்டும் வேறு. அங்கே கட்மியம் பெரும்பாலும் மங்கனீசின் வழியில் நுழைகிறது. 2012 இல் யப்பானிய ஆய்வாளர்கள் கொஷிஹிகாரி என்ற புகழ்பெற்ற நெல்லினத்தின் விதைகளை அயன்கற்றையால் தாக்கி, அந்த ஒரு வாசல் பழுதான பயிரைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்மியம் உள்ள வயலில் நட்டும் அதன் அரிசியில் கட்மியம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. விளைச்சலும் குறையவில்லை. இந்த வேலை யப்பானில் நடந்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே வந்த கட்மியத்தைச் செடி சும்மா விடுவதில்லை. 1985 இல் மியூனிக் நகரில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு மூலிகையின் கலங்களைக் கட்மியக் கரைசலில் வளர்த்து, அவை எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்தார்கள். மூலிகை நமக்குத் தெரிந்ததுதான்: சர்ப்பகந்தி. அதன் கலங்கள் கந்தகம் நிறைந்த சிறு புரதத் துண்டுகளை அவசரமாக உருவாக்கி, உலோக அயன்களைக் கௌவிப் பிடித்தன. பிடித்ததைக் கலம் புன்வெற்றிடத்துக்குள் அடைத்து வைக்கும் என்பது பின்னர் தெரிந்தது. நஞ்சு அழியவில்லை, செடிக்குத் தொல்லை தராத இடத்துக்குப் போயிற்று. அதனால்தான் கட்மியம் ஏறிய கீரை வாடாமல், மஞ்சளாகாமல், சந்தையில் மற்றப் பிடிகளோடு பிடியாகப் பச்சைப்பசேல் என்று கிடக்கும். கீரையின் தோற்றத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பூச்சி தின்ற கீரைதான் நல்ல கீரை என்ற நம்பிக்கை கிருமிநாசினி விடயத்தில் ஓரளவு செல்லும். உலோகத்திடம் அது செல்லாது.

இனி, ஏன் குறிப்பாக இலை? வேரிலிருந்து காழ் வழியாக மேலே ஏறும் நீர் ஆவியுயிர்ப்பால் இழுக்கப்படுகிறது. நீர் வெளியேறும் இடம் இலை. கூட வந்த உப்புகளும் உலோகங்களும் ஆவியாக மாட்டா. வந்த இடத்திலேயே தங்கும். காய்க்கும் விதைக்கும் போகும் உணவு பெரும்பாலும் உரியத்தின் வழியாகப் போவது. அந்த வழியில் கட்மியத்துக்குத் தடைகள் அதிகம். அதனால் ஒரே பாத்தியில் நின்றாலும் தக்காளிப் பழத்தைவிடத் தண்டுக்கீரையின் இலையில் கட்மியம் கூடுதலாக இருப்பது வழக்கம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கட்மியத்துக்கு வைத்த உச்ச எல்லையும் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது: இலைக்கறிக்கு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், காய்க்கறிக்கு 0.05. மன்னாரின் அனல் வெயிலிலும் ஓயாத காற்றிலும் இலை இழக்கும் நீர் அதிகம். அதை ஈடுசெய்ய வேர் இழுக்கும் மண்ணீரும் அதிகம்.

ஈயம் வேறு சாதி. கன உலோகங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் நடத்தையில் ஒற்றுமை குறைவு. ஈயம் மண்ணின் களியோடும் மக்கலோடும் இறுக ஒட்டிக்கொள்ளும். தப்பிக் கரைந்ததும் வேரின் கலச்சுவரில் சிக்கும். அதையும் தாண்டினால் அகத்தோலில் உள்ள கஸ்பாரியின் கீலம் மறிக்கும். இலைவரை ஏறுவது சொற்பம். பிறகு இலைக்கறியில் ஈயம் எப்படி வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து: தூசியாக, புகையாக, மழை தெறித்த மண்ணாக. தரையோடு படரும் வல்லாரையிலும் பொன்னாங்காணியிலும் அது கூடுதலாகப் படியும். தலைக்குமேல் நிற்கும் முருங்கையில் குறையும். ஆகவே ஈயத்துக்குக் கழுவுதல் உதவும், கட்மியத்துக்கு உதவாது. ஒன்று இலையின் மேல் இருக்கிறது, மற்றது இலையாகவே ஆகிவிட்டது.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. அதனால் கடற்கரைக் கிராமத்தில் ஈயத்தைத் தேடுகிறவர் நெடுஞ்சாலையைப் பார்ப்பதைவிட வளவைப் பார்ப்பது நல்லது. போரினால் மின்சாரம் இல்லாத நீண்ட காலத்தில் வடக்கில் விளக்குக்கும் வானொலிக்கும் பற்றரிதான் கைகொடுத்தது. செத்த பற்றரியை உடைத்த இடம் இப்போது யாருக்கும் நினைவில் இராது, மண்ணுக்கு இருக்கும். வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயக்குண்டு வேண்டும். வீட்டு முற்றத்தில் ஈயத்தை உருக்கி வார்ப்பது உலகின் பல மீன்பிடிக் கரைகளில் உள்ள வழக்கம். வார்த்த இடத்தின் சாம்பலைக் கீரைப் பாத்தியில் கொட்டினால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய வள்ளத்தின் பூச்சைச் சுரண்டிய தூளும் அப்படித்தான். இவையெல்லாம் சில சதுர அடிக்குள் முடிகிற மாசுகள். பெரிய ஆய்வு எதுவும் இவற்றைக் கண்டுபிடிக்காது. அந்த வளவில் வாழ்ந்த பெரியவரைக் கேட்டால்தான் தெரியும்.

கட்மியத்தின் கதைக்கு வருவோம். அது பெரும்பாலும் வாங்கி வந்த பையில் வருகிறது.

பொஸ்பேற்றுப் பசளை பாறையிலிருந்து செய்யப்படுவது. மொரோக்கோவில் கிடைப்பது போன்ற, பழங்காலக் கடலடியில் படிந்த பாறைகளில் கட்மியம் கூடுதல். தீப்பாறையில் பிறந்த பொஸ்பேற்றில் அது மிகக் குறைவு. 1971 இல் அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் கண்டறியப்பட்ட அப்பற்றைற்று இந்த இரண்டாம் வகை. ஆனால் எப்பாவலைப் பாறை நீரில் இலகுவில் கரையாது. குறுகியகாலப் பயிருக்கு ஒத்துவராது. அதனால் நெல்லுக்கும் மரக்கறிக்கும் இறக்குமதி செய்த முச்சுப்பர்பொஸ்பேற்றுத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 இலிருந்து, பசளையிலுள்ள ஒவ்வொரு கிலோ பொஸ்பரசு ஐந்தொட்சைட்டுக்கும் 60 மில்லிகிராம் கட்மியம் என்று எல்லை வைத்திருக்கிறது.

அந்த எல்லையை அப்படியே எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முச்சுப்பர்பொஸ்பேற்றில் பொஸ்பரசு ஐந்தொட்சைட்டு ஏறத்தாழ 46 சதவீதம். ஒரு அந்தர் பையில், அதாவது 50 கிலோவில், 1.4 கிராம் அளவுக்குக் கட்மியம் இருக்கலாம். அதை ஒரு ஏக்கரில் போடுகிறோம். ஒரு ஏக்கரின் மேல்மண் அரையடி ஆழத்துக்கு 900 தொன்னுக்குக் குறையாது. பிரித்துப் பார்த்தால் ஒரு கிலோ மண்ணுக்கு 0.0015 மில்லிகிராம் கூடுகிறது. நூறு பை போட்டால் 0.15. பல மண்களில் இயல்பாகவே 0.1 முதல் 0.5 மில்லிகிராம் வரை கட்மியம் இருக்கும். ஆக, ஒரு போகத்தில் ஒன்றும் நடந்துவிடாது. பயப்படுகிறவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் நைதரசன் காற்றில் போகும், பொட்டாசியம் மழையில் போகும், கட்மியம் மட்டும் பெரும்பாலான மண்களில் போட்ட இடத்திலேயே கிடக்கும். ஆண்டுக்கு மூன்று போகம் மரக்கறி செய்து, போகத்துக்கு ஒரு பைக்கு மேல் கொட்டுகிற தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டில் அது நூறு பையைத் தாண்டிவிடும். கணக்குத் தவணையில் ஏறுகிறது.

இந்தக் கணக்கை மன்னாருக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் எழும்: மன்னார் ஒரே மண் அல்ல. தீவின் தாம்போதியைக் கடந்து மதவாச்சி வீதியில் உயிலங்குளம் தாண்டி முருங்கன் போனால், ஒரு மணி நேரத்துக்குள் உலகம் மாறிவிடும். முருங்கன் மண் கறுப்புக் களி. மாரியில் காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் வெடித்து, கை போகுமளவு பிளவு விடும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலம் இங்கிருந்துதான் களி போயிற்று. இந்தக் களியின் தாள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. நேர்மின்னேற்ற அயன் எது வந்தாலும் பிடித்து வைக்கும். ஒரு பிடி முருங்கன் களி பிடித்து வைக்கும் அயன்களோடு ஒப்பிட்டால், ஒரு பிடி தீவு மணலின் பிடி பத்தில் ஒரு பங்குகூட இராது. மண் பிடித்து வைத்தது வேருக்குப் போகாது. ஆகவே ஒரே அளவு கட்மியத்தை இரண்டு இடத்திலும் கொட்டி, இரண்டிலும் ஒரே தண்டுக்கீரையை விதைத்தால், ஆய்வுகூடம் இரண்டு மண்ணுக்கும் ஒரே எண்ணைத் தரும். கீரை இரண்டு வேறு எண்ணைத் தரும்.

தீவு மணலுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. கரையோர மணலில் சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்திருக்கும். உங்கள் வளவு மணலில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துக் கோப்பையில் போட்டு, வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்துச் சீறினால் கல்சியம் காபனேற்று இருக்கிறது. அந்த மண்ணில் காரத்தன்மை கூடுதல். அங்கே கட்மியம் காபனேற்றாகப் படிந்து, கரைவது குறையும். நுரைக்காவிட்டால் அது வெறும் சிலிக்கா மணல், பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஐந்து நிமிட வேலை. இரண்டு வளவுகளுக்கு நடுவிலேயே விடை மாறக்கூடும்.

ஆனால் சிப்பி கொடுத்ததை உப்பு பறிக்கும். தீவின் கிணறுகளில் நல்ல தண்ணீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. மழையே ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழிக்குள். சித்திரைக்குப் பிறகு மோட்டர் போட்டு இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். அந்த நீரைக் கீரைக்கு விடும்போது குளோரைட்டும் சேர்ந்து போகிறது. குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்துகொண்டு அதன் நேர்மின்னேற்றத்தைக் குறைத்துவிடும். மின்னேற்றம் குறைந்ததை மண்ணால் பிடித்து வைக்க முடியாது. அது நீரோடு மிதந்து வேரடிக்கு வரும்.

இதைக் கண்டுபிடித்தது உருளைக்கிழங்கு. 1990களின் தொடக்கத்தில் தென் அவுஸ்திரேலியாவில் சில தோட்டங்களின் கிழங்கில் கட்மியம் எல்லையை மீறியது. மண்ணிலுள்ள கட்மியத்தை அளந்து பார்த்தபோது பொருத்தம் தெரியவில்லை. மக்லாக்லினும் அவருடைய குழுவினரும் 1994 இல் வெளியிட்ட ஆய்வில் விடை வந்தது: கிழங்கின் கட்மியம் மண்ணின் குளோரைட்டோடு ஏறி இறங்கியது. உவர்நீர் பாய்ச்சிய தோட்டத்தில் கிழங்கு மாசு. அதே நாட்டில் கோதுமை வயல்களில் இன்னொன்றும் தெரிந்தது. நாகக் குறைபாடுள்ள மண்ணில் கொஞ்சம் நாகப் பசளை போட்டால் தானியத்தில் கட்மியம் குறைந்தது. வேரின் பசி அடங்கியதும் வாசல்கள் குறைந்தன. சிப்பி மண்ணுக்கு இது நேராகப் பொருந்தும். காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பும் நாகமும் கரையாமல் கிடப்பதால் செடிக்கு இரண்டிலும் பசி. இளம் இலை நரம்புகளுக்கிடையே வெளிறி நிற்பது அதன் அடையாளம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் கரையொதுங்கும் சாதாழையை அள்ளிவந்து தோட்டத்தில் தாழ்க்கும் பழைய வழக்கம் உண்டு. மணலுக்கு மக்கல் சேர்க்க அதைவிட மலிவான வழியில்லை. மக்கல் உலோகத்தைப் பிடித்தும் வைக்கும். ஆனால் மழையில் போட்டு உப்பைக் கழுவிய பிறகு தாழ்ப்பதும், கரையிலிருந்து நேரே பாத்திக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றிய பிறகு, அதன் பிளாஸ்ரிக் மணிகள் மன்னார்க் கரைவரை வந்தன. 2025 இல் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கிய பிறகும் அத்தகைய மணிகள் வந்தன. பிளாஸ்ரிக் மணி கடலில் மிதக்கும்போது மேற்பரப்பில் உலோகங்களை ஏந்திக்கொள்ளும். சாதாழை அள்ளுகிறவர் இனி அதையும் பார்த்து அள்ள வேண்டியிருக்கிறது.

பெருநிலத்துக் கமக்காரருக்குக் கவலை வேறு திசையிலிருந்து வருகிறது: மேலிருந்து. மல்வத்து ஓயா அநுராதபுரத்தின் ஊடாக 164 கிலோமீற்றர் ஓடி, அருவியாறு என்ற பெயரில் மன்னாரில் கடலைச் சேர்கிறது. தேக்கம் அணையில் மறித்த அதன் நீர்தான் கட்டுக்கரைக்குளத்துக்குப் போகிறது. வடமத்திய மாகாணம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் உலகமறிந்த இடம். 2008 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பண்டாரவும் பிறரும் அங்குள்ள குளங்களில் கட்மியத்தைச் சுட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் துணைநின்ற, 2013 இல் வெளியான ஆய்வும் நோயாளரின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. தாமரைக் கிழங்கின் சில மாதிரிகளில் அது எல்லைக்கு மேல். பின்வந்த ஆய்வுகள் கடின நீர், புளோரைட்டு, வெயிலில் உடல் வரள்வது என்று வேறு காரணிகளையும் முன்னே கொண்டுவந்தன. ஒற்றைக் குற்றவாளி இன்றுவரை நிறுவப்படவில்லை. அதற்குள் 2015 இல் கிளைபோசேற்றுக் களைநாசினிக்குத் தடை, 2021 இல் இரசாயனப் பசளைக்கே தடை. இரண்டாவது தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டும், அந்தப் போகத்தில் வயல்களின் விளைச்சல் விழுந்தது. பசளையிலுள்ள கட்மியத்தைக் குறைக்க, பையில் கட்மியத்தை அளந்து எல்லைக்கு மேற்பட்டதைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்புவது போதும். நாட்டின் பசளையை ஒரே இரவில் நிறுத்துவது அந்த வேலைக்குரிய கருவியல்ல.

தாமரைக் கிழங்கு ஏன் மாட்டிக்கொண்டது என்பது வேரைப் பற்றி யோசிப்பவருக்குத் தெரியும். குளத்தின் அடிச்சேறுதான் வயல்களிலிருந்து கழுவி வந்ததெல்லாம் படியும் இடம். தாமரை அதிலேயே வாழ்கிறது. கங்குனும் அப்படி. பாங்கொக் சுற்றுப்புறத்தில் கழிவுநீர் ஓடைகளில் வளர்த்த கங்குனில் இரசம், ஈயம், கட்மியம் ஆகியவற்றை அளந்த ஆய்வு 2002 இல் வந்தது. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புகளில் வளரும் கங்குனும் பொன்னாங்காணியும் நம் நாட்டின் உதாரணங்கள். 2014 இல் பிலியந்தலைப் பகுதிச் சந்தைகளில் ஐந்து வகை இலைக்கறிகளை வாங்கிச் சோதித்தபோது, சில மாதிரிகளில் உலோகம் அனுமதித்த எல்லையைத் தாண்டியிருந்தது.

இப்படிப்பட்ட முடிவு செய்தித்தாளில் வரும்போது ஓரிடத்தில் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் கீரையை உலர்த்திப் பொடியாக்கித்தான் அளப்பார்கள். எண் உலர்நிறைக்கு வரும். கோடெக்ஸ் எல்லையோ சந்தையில் வாங்கும் பச்சைக் கீரைக்கு. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உலர்நிறைக்கு ஒரு மில்லிகிராம் என்றால் பச்சைக்கு 0.1 தான், எல்லைக்குள். இரண்டையும் குழப்பினால் நஞ்சு பத்து மடங்காகத் தோன்றும். இந்தக் குழப்பத்தில் பிறந்த தலைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சில ஆய்வுக் கட்டுரைகளிலும் அது உண்டு.

எல்லைக்குச் சரியாக நிற்கும் கீரையைத் தின்றால் என்ன? உணவில் கட்மியத்துக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மாதத்துக்கு 25 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்பது 2010 இல் சர்வதேச நிபுணர் குழு வைத்த அளவு. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 மைக்ரோகிராம். எல்லையில் நிற்கும் கீரை நூறு கிராமில் இருப்பது 20. ஒரு வேளை வறையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. சோறும் மீனும் கணவாயும் இன்னும் தட்டில் ஏறவில்லை. ஈயத்துக்கு இப்படியொரு அளவே இப்போது இல்லை. அதே குழு பழைய அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, பாதுகாப்பான மட்டம் எதுவும் தென்படாததால்.

கட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் பாதி வெளியேறப் பத்து முதல் முப்பது ஆண்டாகும். யாருடைய சிறுநீரகத்தில் கூடுதலாகத் தங்கும்? விடை மறுபடியும் பசியில்தான் இருக்கிறது. மனிதக் குடலிலும் இரும்பை உள்வாங்கும் வாசல் உண்டு. அதுவும் கட்மியத்தைப் பிரித்தறியாது. இரத்தத்தில் இரும்பு குறைந்தால் குடல் அந்த வாசல்களைப் பெருக்கும். இதன் கொடுமையை யப்பானில் பார்க்கலாம். அங்கே தொயாமா மாகாணத்தில், ஜின்சு ஆற்றின் நீரில் கமியோக்கா சுரங்கக் கழிவு கலந்து, நெல்வயல்களில் பாய்ந்தது. எலும்பு முறிந்து, வலியில் துடித்து மாண்டவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்ற, மாதவிடாய் நின்ற பெண்கள். 1968 இல் யப்பானிய அரசு அதைக் கட்மிய நோயென ஏற்றுக்கொண்டது. 1979 இல் தொடங்கிய வயல்மண் மாற்றும் வேலை 2012 வரை நீடித்தது. 800 ஹெக்டேருக்கு மேல் மண்ணை மாற்றினார்கள். கட்மியம் வாங்காத கொஷிஹிகாரி ஏன் யப்பானில் பிறந்தது என்பது இப்போது விளங்கும்.

இரத்தம் குறைந்த பெண்ணுக்கு நம் வீடுகளில் முதலில் சொல்லும் மருந்து கீரை. இரும்புப் பசியோடு இருக்கும் செடியை இரும்புப் பசியோடு இருக்கும் உடல் தின்கிறது. மண் சுத்தமாக இருக்கும்வரை அதில் ஒரு பிழையும் இல்லை. முருங்கை இலையும் பொன்னாங்காணியும் தரும் நன்மையை இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாராவது கைவிட்டால் எனக்கு வருத்தம்தான். கீரையைக் குறைப்பதற்குப் பதில், ஒரே பாத்தியின் கீரையை நாள்தோறும் தின்னாமல், வகையையும் இடத்தையும் மாற்றித் தின்பது புத்தி.

மண்ணைச் சோதிக்கக் கொடுப்பவர் எந்தச் சோதனை என்று கேட்க வேண்டும். அரசநீர் என்னும் கடும் அமிலக் கலவையில் கொதிக்கவைத்துக் கரைத்து அளந்தால் இல்மனைற்று மணியில் பூட்டிக் கிடப்பதில் ஒரு பங்கும் எண்ணுக்குள் வந்துவிடும். மன்னார் மணலுக்கு அது வீண் பயத்தைத் தரும். 1978 இல் அமெரிக்காவின் கொலராடோவில் லிண்ட்சேயும் நோர்வெல்லும் சுண்ணாம்பு மண்களுக்கென்றே உருவாக்கிய டிடிபிஏ முறை, வேர் எட்டக்கூடிய பங்கை மட்டும் ஏறத்தாழக் காட்டும். கிணற்று நீரின் குளோரைட்டையும் கூடவே அளந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

மாசு ஏற்கெனவே ஏறிய நிலத்தைச் செடியைக் கொண்டே சுத்தம் செய்யலாம் என்ற யோசனை அடிக்கடி கேட்கப்படுவது. உவர் நிலத்துக்கு அதற்கேற்ற செடிகளும் உள்ளன. தாம்போதியின் இருபுறச் சேற்றிலும் சிவந்து கிடக்கும் உமரியும் அதன் கூட்டாளிகளும் உப்பை இலையில் அடைத்து வாழ்பவை. இவற்றில் சில கட்மியத்தையும் அதே இலையில் அடைக்கும் என்று துனீசியாவிலும் இந்தியாவிலும் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. கணக்கு மட்டும் ஊக்கம் தராது. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குப் பத்துத் தொன் உலர்ந்த செடி அறுத்து, கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் கட்மியம் அதில் இருந்தாலும், வெளியேறுவது 100 கிராம். மேல்மண்ணில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் மொத்தம் இரண்டு கிலோவுக்கு மேல். இருபது ஆண்டுக்கு மேல் அறுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அறுத்ததை என்ன செய்வது என்பது. உமரி உண்ணக்கூடிய கீரை. பஞ்ச காலத்தில் கரையோர மக்கள் அவித்துத் தின்றது. எரித்தால் கட்மியம் புகையில் போகும். குவித்து வைத்தால், பகலெல்லாம் ஆடும் கழுதையும் கட்டாக்காலியாகத் திரிகிற மன்னார் நகரத்தில், முதலில் வேலி போட ஆள் பிடிக்க வேண்டும்.